நெட்வொர்க்கை மாற்றுவதா, போனை மாற்றுவதா, இ.எம்.ஐ. போடுவதா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டுக்குள்ள வந்தா பேச்சு விட்டு விட்டுக் கேக்குது, நெட் சுத்திக்கிட்டே இருக்கு. போன் பழசாயிடுச்சுன்னு கடைக்காரர் சொல்றார். நெட்வொர்க்கை மாத்துன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். போனை இ.எம்.ஐ.ல எடுத்துக்கிட்டு சிம்மையும் அப்படியே போர்ட் பண்ணிடலாமா?"

ஊர் மாறினாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. ஒரே நாளில், ஒரே கடையில், இரண்டையும் முடித்துவிடலாமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். இவை இரண்டு தனித்தனி முடிவுகள். எண்ணை மாற்றாமல் நெட்வொர்க்கை மட்டும் மாற்றுவதுதான் போர்ட். அதற்குச் செலவு மிகக் குறைவு, பிடிக்காவிட்டால் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம். போன் கடன் அப்படியல்ல, கையெழுத்துப் போட்டால் கடைசித் தவணை வரை கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் முதலில் நெட்வொர்க், அப்புறம் தேவைப்பட்டால் போன்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் நெட்வொர்க் கம்பெனியே 24, 36 மாதத் தவணையில் போனைக் கொடுத்து வாடிக்கையாளரைக் கட்டிப் போடும். நம் ஊரில் போனைக் கடையில் வாங்குகிறோம், எந்த சிம்மையும் போடுகிறோம். நமக்கு இருக்கும் பெரிய வசதி இது. இதை நாமாக விட்டுக்கொடுக்கக் கூடாது.

## கோளாறு எதில்?

செலவு செய்யும் முன் ஒரு சின்ன சோதனை. உங்கள் சிம்மைக் கழற்றி, வீட்டில் இருக்கும் வேறொரு நல்ல போனில் போடுங்கள். பேச்சு விட்டுப்போகும் அதே அறையில், அதே நேரத்தில் யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தப் போனிலும் விட்டுப்போனால் குறை நெட்வொர்க்கில். நன்றாகக் கேட்டால் குறை உங்கள் போனில்.

அடுத்து தலைகீழாக: வேறு நெட்வொர்க் சிம் ஒன்றை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். சமையலறை, படுக்கையறை, மொட்டை மாடி, வேலை செய்யும் இடம் என்று நடந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். காலை ஆறு மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் பறக்கும்.

போன் அமைப்பில் வோல்ட்இ (4ஜி வழியே பேசுவது), வைஃபை காலிங் (வைஃபை வழியே பேசுவது) இரண்டும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை இயக்குவதிலேயே பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் புதுப் போன் வாங்கியவர்கள், அதே மூலையில் அதே விட்டு விட்டுக் கேட்கும் பேச்சோடு மாதாமாதம் தவணை கட்டுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நெட்வொர்க்குக்கு மூன்று அளவுகோல்கள் போதும். நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடத்தில் சிக்னல் எப்படி, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவு, உங்கள் போனுக்கு அந்த நெட்வொர்க் ஒத்துவருமா.

போனுக்கு வேறு நான்கு: கடைசித் தவணை வரை கையிலிருந்து போகும் மொத்தத் தொகை, உங்கள் சம்பளம் வரும் நாளும் தவணை நாளும் பொருந்துகின்றனவா, ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும், அந்தப் போன் எத்தனை வருஷம் உழைக்கும். மாதத் தவணை எவ்வளவு என்பதை நான் அளவுகோலாகவே சேர்க்கவில்லை. கடையில் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் மாதங்களைக் கூட்டினால் எந்தத் தொகையையும் சின்னதாகக் காட்டிவிடலாம்.

## வழி 1: இருக்கும் நெட்வொர்க்கிலேயே இருப்பது

சிக்னல் சரியாக இருந்து, கட்டணம் மட்டும்தான் உறுத்துகிறது என்றால் முதலில் திட்டத்தை மாற்றிப் பாருங்கள். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தின. ஆகவே தனியார் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதால் கட்டணத்தில் பெரிய லாபம் வந்துவிடாது.

நம்மில் பலர் கவனிக்காத கணக்கு 28 நாள். மாதம் 349 ரூபாய் என்று நினைத்து 12ஆல் பெருக்கினால் 4,188 வரும். 28 நாளுக்கு ஒருமுறை போடுவதால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், அதாவது 4,537 ரூபாய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் சொன்ன பிறகு 30 நாள் திட்டம், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஆகியவற்றில் குறைந்தது ஒவ்வொன்றையாவது எல்லாக் கம்பெனிகளும் வைத்திருக்க வேண்டும். ஆப்பில் கீழே போய்த் தேடினால் கிடைக்கும்.

வீட்டில் பேச மட்டும் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அம்மாவின் பட்டன் போனுக்குத் தினம் ஒன்றரை ஜிபி போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காசு வீண்.

போஸ்ட்பெய்டுக்குப் போகலாமா என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரீபெய்டு விலையில் வரி சேர்ந்தே இருக்கும். போஸ்ட்பெய்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. 449 என்று போட்டிருந்தால் பில் கிட்டத்தட்ட 530 வரும்.

## வழி 2: போர்ட் செய்வது

எண் மாறாமல் நெட்வொர்க்கை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில். தமிழ்நாட்டில் இதன் அருமை பலருக்குப் புரிந்தது 2018 தொடக்கத்தில், ஏர்செல் சிக்னல் செத்துப்போனபோது. வங்கி, காஸ், ஆதார் எல்லாவற்றிலும் கொடுத்திருந்த எண்ணைக் காப்பாற்ற மக்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது.

இன்று நடைமுறை எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதுதான் யு.பி.சி. நம் பகுதியில் அது நான்கு நாள் செல்லும். ஆதாரோடு புதிய நெட்வொர்க்கின் கடைக்குப் போனால் புது சிம் கொடுப்பார்கள். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும், வேறு மாநில வட்டத்து எண் என்றால் ஐந்து வேலை நாள். மாறும் சமயத்தில் சில மணி நேரம் இரண்டு சிம்மிலும் சிக்னல் இருக்காது.

குறியீடு வராமல் தடுக்கும் காரணங்கள்: இப்போதைய நெட்வொர்க்கில் சேர்ந்து 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பில் பாக்கி, சிம் தொலைந்து அல்லது கெட்டுப்போய் மாற்று சிம் வாங்கி 7 நாள் ஆகவில்லை. கடைசி விதி 2024 ஜூலையில் வந்தது, எண்ணைத் திருடுபவர்களைத் தடுப்பதற்காக. ரீசார்ஜ் முடிந்துவிட்டதே, எஸ்.எம்.எஸ். போகுமா என்று கவலைப்பட வேண்டாம். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் 1900க்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

மறைவான செலவு என்றால் மூன்று. பழைய ரீசார்ஜில் மீதமிருக்கும் நாட்களும் பணமும் போய்விடும், அதனால் திட்டம் முடியும் வாரத்தில் போர்ட் செய்வது நல்லது. புது சிம் போட்டதும் யு.பி.ஐ. செயலிகளில் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம், ஆகவே சம்பள நாள், பள்ளிக் கட்டண நாள், ஊருக்குப் போகும் நாள் பார்த்துச் செய்யாதீர்கள். மூன்றாவது போன் சம்பந்தப்பட்டது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. பாட்டி வைத்திருக்கும் பழைய பட்டன் போனில் 4ஜி இல்லையென்றால் ஜியோவுக்குப் போன அன்றே அந்தப் போன் ஊமையாகிவிடும். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. போன் விவரத்தில் பேண்ட் 28 என்று இருந்தால்தான் அது உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும்.

பி.எஸ்.என்.எல். பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். 2024இல் மற்றவர்கள் உயர்த்தியபோது அது உயர்த்தாததால் பலர் அங்கே போனார்கள். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த அதன் 4ஜியை 2025 செப்டம்பர் 27 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். விலை குறைவு என்பது உண்மை. ஆனால் உங்கள் தெருவில் 4ஜி வந்துவிட்டதா என்பதைக் கையில் ஒரு சிம் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தன் சேவை வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. அதில் பார்க்கலாம், ஆனால் கான்கிரீட் சுவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்பதை வரைபடம் சொல்லாது.

யு.பி.சி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். அதைப் போனில் கேட்பவர் உங்கள் எண்ணைத் திருடப் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: இரண்டாவது சிம்

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இன்றைய போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, போக நினைக்கும் நெட்வொர்க்கில் ஒரு புது சிம் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரு ரீசார்ஜ்தான் செலவு. நன்றாக இருந்தால் பழைய எண்ணைப் போர்ட் செய்யுங்கள், இல்லையென்றால் புது சிம்மை விட்டுவிடுங்கள்.

நிரந்தரமாக இரண்டு சிம் வைத்துக்கொள்வது, வீடு ஒரு நெட்வொர்க்கிலும் வேலையிடம் இன்னொரு நெட்வொர்க்கிலும் மட்டும் எடுக்கும் ஆட்களுக்குப் பொருந்தும். டெலிவரி வேலை, கார் ஓட்டுவது என்று அலைபவர்களுக்கும்தான். மற்றவர்களுக்கு அது இரட்டைச் செலவு.

## நெட்வொர்க்கோடு ஒட்டி வரும் போன் சலுகை

போன் பகுதிக்குப் போகும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு முடிவையும் ஒன்றாகக் கட்டும் கயிறு இதுதான். 2021 அக்டோபரில் ஏர்டெல் ஒரு சலுகை அறிவித்தது. 12,000 ரூபாய்க்குள் ஒரு போன் வாங்கி, 249 ரூபாய் அல்லது அதற்கு மேலான ரீசார்ஜை 36 மாதம் விடாமல் போட்டால் 6,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். முதல் 2,000 பதினெட்டு மாதம் கழித்து, மீதி 4,000 கடைசியில். அடுத்த மாதமே நாடு முழுக்கக் கட்டணம் ஏறியது, அந்த 249 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. 2024 ஜூலையில் அது 349.

நாம் மூன்று வருஷம் இருப்பதாக வாக்குக் கொடுக்கிறோம். கட்டணம் அப்படியே இருக்கும் என்று அந்தப் பக்கத்திலிருந்து வாக்குக் கிடையாது. அதே 2021 நவம்பரில் வந்த ஜியோபோன் நெக்ஸ்ட் 6,499 ரூபாய். அதையே 1,999 ரூபாய் முன்பணம், 501 ரூபாய் செயலாக்கக் கட்டணம், மீதி தவணை என்றும் கொடுத்தார்கள். அந்தப் போனில் ஜியோ சிம்மைத் தவிர வேறு எதிலும் நெட் எடுக்காது. இப்படிப்பட்ட சலுகை எப்போது வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: நடுவில் நான் போர்ட் செய்தால் என்ன இழப்பேன்? கட்டணம் ஏறினால் யார் சுமப்பது?

உங்கள் வீட்டில் அந்த ஒரு நெட்வொர்க் மட்டும்தான் எடுக்கிறது, எப்படியும் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் சலுகையை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

## போன் வாங்க என்னென்ன வழி

கணக்குப் புரிய ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். போனின் விலை 30,000. முழுப் பணம் கட்டினால் கடையில் 2,000 தள்ளுபடி. எல்லா வழியையும் இந்த ஒரே போனை வைத்துப் பார்ப்போம்.

| வழி | மொத்தம் போவது | மறைந்திருப்பது | யாருக்கு |
|---|---|---|---|
| முழுப் பணம் | 28,000 | அவசரக் கையிருப்பு கரையும் | சேமிப்பு தனியாக இருப்பவர்களுக்கு |
| சொந்தக் கார்டில் 6 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. | சுமார் 30,480 | தள்ளுபடி இழப்பு, வட்டிமேல் ஜி.எஸ்.டி., செயலாக்கக் கட்டணம் | மாதச் சம்பளக்காரர்களுக்கு, தள்ளுபடி வித்தியாசம் இல்லாதபோது |
| கடையில் நிதி நிறுவனக் கடன் | சுமார் 34,250 | கூடுதல் வட்டி, காப்பீடு, கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் பவுன்ஸ் அபராதம் | வேறு வழியே இல்லாதபோது |
| பேட்டரி மாற்றி இருப்பதையே ஓட்டுவது | பேட்டரி விலை | பாதுகாப்பு அப்டேட் நின்றுபோயிருக்கலாம் | போன் வேகம் ஓரளவு போதும் என்பவர்களுக்கு |

### நோ காஸ்ட் இ.எம்.ஐ.

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, அந்த வட்டித் தொகையை போன் கம்பெனியோ கடையோ விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறது. 16 சதவீத வட்டியில் 6 மாதம் என்றால், மாதம் 5,000 வீதம் 30,000 கட்டும்போது அதில் சுமார் 1,350 ரூபாய் வட்டி. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., சுமார் 243 ரூபாய். அதை யாரும் கழிப்பதில்லை, மாதாமாதம் கார்டு பில்லில் வரும். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 478 ரூபாய் கூடுதல்.

இதுவரை பரவாயில்லை. ஆறு மாதம் அவகாசத்துக்கு 478 ரூபாய் நியாயமான விலைதான். விலை ஏறுவது தள்ளுபடியில். முழுப் பணத்துக்கு 28,000 என்று சொல்லும் கடையில் இ.எம்.ஐ. போட்டால், அதே போனுக்கு 2,478 ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள். 28,000 ரூபாய்ப் பொருளுக்கு ஆறு மாதத்தில் அப்படிக் கட்டுவது வருஷத்துக்கு ஏறக்குறைய 30 சதவீத வட்டிக்குச் சமம். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இன்னைக்கே முழுசா கட்டினா கடைசி விலை என்ன?" இரண்டு விலையும் ஒன்றுதான் என்றால் தாராளமாக நோ காஸ்ட் போடுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயங்களில் சில கார்டுகளுக்கு இ.எம்.ஐ.யிலும் அதே தள்ளுபடி கொடுப்பார்கள். அப்போது இது நல்ல வழி.

கார்டு வரம்பில் 30,000 முடங்கி இருக்கும் என்பதையும், பில்லில் ஒரு மாதம் தவறினால் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்துக்கு மேலும் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

### கடையிலேயே போடும் கடன்

கார்டு இல்லாதவர்களுக்கு இதுதான் கதவு. போன் கடையின் ஓரத்தில் ஒரு சின்ன மேஜை, இரண்டு மூன்று நிதி நிறுவனங்களின் ஆட்கள், ஆளுக்கொரு டேப். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஐந்தாறு ஓ.டி.பி. இருபது நிமிடத்தில் கடன் கிடைத்துவிடும். அந்த ஓ.டி.பி. ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்து என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒன்று கடனுக்கு, ஒன்று வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள, இன்னொன்று நீங்கள் கேட்காத திரைக் காப்பீட்டுக்காகவும் இருக்கலாம். "இது எதுக்கு?" என்று கேட்காமல் ஓர் ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள்.

கணக்கு இப்படி: 10,000 முன்பணம், 20,000 கடன், மாதம் 2,350 வீதம் பத்துத் தவணை. மொத்தம் 23,500. மூவாயிரத்து ஐந்நூறுதானே, பதினேழரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கடன் முழுதும் பத்து மாதமும் உங்களிடம் இருப்பதில்லை, ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் அசலுக்குப் போட்டால் வருஷ வட்டி சுமார் 36 சதவீதம். ஆவணக் கட்டணம் 750 சேர்ந்தால் 45ஐத் தாண்டுகிறது. கந்துவட்டிக் கணக்கில் சொன்னால் மாதம் கிட்டத்தட்ட நாலு வட்டி.

இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை, சுருக்கமாக கே.எஃப்.எஸ்., கொடுப்பது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருஷ விகிதம் அதில் ஏ.பி.ஆர். என்று ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. "கே.எஃப்.எஸ். காட்டுங்க, தமிழ்ல இருக்கா?" என்று கேட்பது உங்கள் உரிமை. காட்டத் தயங்கினால் அடுத்த மேஜைக்குப் போங்கள்.

"பத்துக்கு ரெண்டு" என்று ஒரு திட்டம் சொல்வார்கள். பத்துத் தவணையில் இரண்டை அன்றே வாங்கிக்கொள்வார்கள், மீதி எட்டு மாதம். போன் கம்பெனி வட்டியை ஏற்கும் மாடல்களில் இது உண்மையிலேயே நல்ல திட்டம். நிதி நிறுவனக் கடன் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கிறது. ஏ.பி.ஆர். எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை தவணை நாள். பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில், 2ஆம் தேதி, 5ஆம் தேதி என்று பணம் எடுப்பார்கள். சனிக்கிழமை வாரக் கூலி வாங்குபவருக்கு அந்தத் தேதியில் கணக்கில் 2,350 இருக்க வேண்டும் என்பது ஒரு தனிச் சுமை. இல்லாவிட்டால் பவுன்ஸ் ஆகும். நிதி நிறுவனம் ஒரு அபராதம், வங்கி இன்னொரு அபராதம், இரண்டும் நூற்றுக்கணக்கில், மேலே ஜி.எஸ்.டி. உங்கள் கடன் வரலாற்றைக் குறித்துவைக்கும் சிபிலிலும் பதிவாகும். நாளை வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது இந்தப் போன் தவணை முன்னால் வந்து நிற்கும். தவணை தவறினால் போனைப் பூட்டும் செயலி ஏதாவது உள்ளே போடுகிறார்களா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். யு.பி.ஐ.யும் பிழைப்பும் அந்தப் போனிலேயே இருப்பவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

### நண்பர் கார்டு, நகைக்கடன், சீட்டு

மச்சான் கார்டில், நண்பர் கார்டில் போடுவது நம் ஊரில் சகஜம். கணக்கு சொந்தக் கார்டு மாதிரியேதான். ஆனால் நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் அடிபடுவது அவருடைய சிபில். பில் தேதிக்கு ஐந்து நாள் முன்பே பணத்தை அனுப்பிவிட முடியும் என்றால் மட்டும் கேளுங்கள்.

நகையை வைத்துப் போன் வாங்குவதா என்று பலர் முகம் சுளிப்பார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வங்கியில் 10 சதவீத வட்டிக்கு 28,000 வாங்கி, முழுப் பணத் தள்ளுபடியோடு போனை எடுத்து, ஆறு மாதத்தில் மீட்டால் வட்டி 1,400. மொத்தம் 29,400, நோ காஸ்ட் இ.எம்.ஐ.யை விடக் குறைவு. வாரக் கூலிக்காரர் கையில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் வட்டி இன்னும் குறையும். ஆனால் மீட்காமல் வருஷக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே போகும் பழக்கம் இருக்கும் வீட்டில் இந்த வழி வேண்டவே வேண்டாம். தனியார் அடகுக் கடை வட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தெரிந்த இடத்தில் சீட்டுக் கட்டி, எடுக்கும் மாதத்தில் போன் வாங்குவது பொறுமை இருப்பவர்களுக்கு நல்லது. போன் விலை காத்திருப்பவர்களுக்குச் சாதகமாகவே பெரும்பாலும் நகரும், புது மாடல் வந்ததும் பழையது இறங்கும்.

### பயன்படுத்திய போன்

சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகள். பாதி விலையில் நல்ல போன் கிடைக்கலாம். பில்லும் பெட்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். போனில் \*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடம், அந்த எண் என்று 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று அரசே சொல்லிவிடும். கடைக்காரர் முன்னாலேயே அனுப்புங்கள். நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

அப்டேட் எத்தனை வருஷம் மீதி என்பதையும் பாருங்கள். சாம்சங் எஸ்24, கூகுள் பிக்சல் 8 போன்றவற்றுக்கு ஏழு வருஷ அப்டேட் உண்டு. அப்படிப்பட்ட போனை இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் கையாக வாங்குவது, அதே விலைக்குப் புதிதாக ஒரு சாதாரண போன் வாங்குவதைவிடப் பல சமயம் மேல்.

### 5ஜி என்று சொன்னால்

5ஜி போன் வாங்கினால் மாதச் செலவும் ஏறலாம். 2024 ஜூலை உயர்வோடு ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லா 5ஜியைத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கின. இப்போது ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர், புதுப் போனின் விலையோடு ரீசார்ஜ் வித்தியாசத்தையும் 13ஆல் பெருக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## எந்த நிலைக்கு எது

சிம் மாற்றிப் பார்த்ததில் குறை நெட்வொர்க்கில் என்று தெரிந்தால்: இரண்டாவது சிம் ஒரு மாதம், அப்புறம் போர்ட். போன் வாங்கவே வேண்டாம். திருப்பூர் வாசகருக்கும் இதைத்தான் எழுதினேன்.

குறை போனில், மூன்று வருஷத்துக்குள் வாங்கியது என்றால் பேட்டரியையும் மென்பொருளையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாருங்கள்.

போன் உண்மையாகவே போய்விட்டது, மாதச் சம்பளம், கார்டு இருக்கிறது: இரண்டு விலையையும் கேட்டு, வித்தியாசம் ஐந்நூறுக்குள் இருந்தால் நோ காஸ்ட். அதற்கு மேல் என்றால் முழுப் பணம், அல்லது இரண்டு மாதம் காத்திருப்பு.

வாரக் கூலி அல்லது நிலையில்லாத வருமானம், போன் இல்லாமல் வேலை இல்லை: பயன்படுத்திய போனை முழுப் பணத்தில் வாங்குங்கள். கடன்தான் என்றால் முன்பணத்தை முடிந்தவரை கூட்டி, தவணை எண்ணிக்கையைக் குறைத்து, தவணை நாளுக்கு முந்தைய சனிக்கிழமையே பணத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் போன்: பெற்றோர் பெயரில் நீண்ட தவணை போடாதீர்கள். படிப்புக்குத் தேவையானது பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது.

## போர்ட்டும் கடனும் ஒரே மாதத்தில் வந்தே தீரும் என்றால்

முதலில் போர்ட்டை முடியுங்கள். கடனுக்கான ஓ.டி.பி.யும் தவணைச் செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும், நடுவில் சிக்னல் போனால் குழப்பம். புது சிம்மில் யு.பி.ஐ. சரியாக ஓடத் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நிதி நிறுவனத்திடம் பாக்கியில்லாச் சான்று, என்.ஓ.சி., கேட்டு வாங்குங்கள். வங்கியில் அந்தத் தானியங்கிப் பிடித்தம் ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள், ஆகவில்லை என்றால் எழுதிக் கொடுத்து ரத்து செய்யுங்கள். பூட்டும் செயலி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் தளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். "செட்டில்டு" என்று இருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். முழுதாகக் கட்டிய கடன் "குளோஸ்டு" என்றுதான் இருக்க வேண்டும்.